மருந்துக் கை

1

டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் ரூத் போனில் கூப்பிட்டாள். நான் அடுப்படியில் நின்று கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டுவதற்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். மைதா மாவுப் பசை. இந்த ஊர்க் கடைகளில் விதவிதமாகப் பசை விற்கிறார்கள். எனக்கு மைதாதான் கைவருகிறது.

ரூத் டப்ளினில் படிக்கிறாள். நானும் மனைவியும் இருப்பது அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி, அயர்லாந்தின் மேற்கே கடலோரத்துச் சின்ன ஊர். இந்த வருஷம் பண்டிகைக்கு வர முடியாது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். அவள் போகிற சபையில் பல நாட்டுக்காரர்கள் கூடுவார்களாம். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் வழக்கம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமாம். அதை முடித்துவிட்டுக் கிளம்பினால் பஸ் கிடைக்காது. இருபத்தைந்தாம் தேதி இந்த நாட்டில் பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. அதனால் இருபத்தாறாம் தேதி வருகிறேன் என்றாள்.

சரிம்மா என்றேன். நான் போனில் அதிகம் பேசுகிறவன் இல்லை. நேரிலும் இல்லை.

பிறகு, தான் எழுதி வைத்திருப்பதைக் கேளுங்கள் என்று இங்கிலீஷில் வாசித்தாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது என்பது தெரிந்து, அவளுக்குத் தெரிந்த தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"எங்க அப்பாவும் தாத்தாவும் இந்தியாவில மருந்து பேக்டரியில வேலை பாத்தாங்க. மருந்துப் பொடி கையில ஒட்டியிருக்கும். சின்னப் பிள்ளைங்க மேல பட்டா ஆபத்து. அதனால கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏத்துறதுக்கு முன்னாடி, எங்க ஆச்சி வெள்ளைத் துணியால எல்லார் கையையும் துடைச்சுப் பாப்பாங்க. நான் பார்மசி படிக்கிறதுக்குக் காரணம் அந்தக் கைதான்."

நல்லா இருக்காப்பா என்று கேட்டாள். நல்லா இருக்கும்மா என்றேன். போனை வைத்தபோது பசை அடிப்பிடித்திருந்தது.

2

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாசிப் பக்கத்தில் எங்கள் ஊரான தாயில்பட்டியில் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்கு விழுங்குவது மாத்திரை, ஆஸ்பத்திரியில் போடுவது ஊசி. மருந்து என்று வெறுமனே ஒருவர் சொன்னால் பட்டாசுக் கம்பெனிப் பேச்சு என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மருந்து அறை, மருந்து கலக்குகிறவர், மருந்துச் சட்டை. நானும் என் அப்பாவும் மருந்து அறைக்காரர்கள்.

என் மனைவி ஜெயசீலி எனக்கு அத்தை மகள். நர்ஸ் படித்தவள். நான் ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு இங்கே வேலை கிடைத்து முதலில் அவள் வந்தாள். ஒரு வருஷம் கழித்து நாலு வயது ரூத்தைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன்.

வந்த மூன்றாவது வாரம் அடையாள அட்டைக்காகப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜெயசீலிக்கு அன்று டூட்டி. என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டிருந்தாள். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, எல்லாம் இருந்தது. ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதைத்தான் கேட்டாள். கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் தாளைப் பார்க்காமலே பதில் சொன்னேன். மருந்துக்கு இங்கிலீஷ் மெடிசின் என்பது நர்ஸ் வீட்டுக்காரனுக்குத் தெரியாதா? கலக்குவது மிக்சிங் என்பது வீடு கட்டுகிற இடத்தில் கேட்டது. "மெடிசின் மிக்சிங்" என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தாள். அதுவரை எந்த அலுவலகத்திலும் யாரும் என்னை அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஜெயசீலியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத்தான், மெடிசின்னா திங்கிற மருந்து. ஒரே நாள்ல என்னைய விடப் பெரிய ஆளாயிட்டீகளே."

நாளைக்கே போய் மாற்றிச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"தனியாப் போயி என்னன்னு சொல்லுவீக? வெடி, குண்டுன்னு ஏதாவது வாயில வந்துச்சுன்னா வாசல்லயே உக்கார வச்சிருவாக. நான் லீவு போட்டுட்டுக் கூட வாரேன், இருங்க."

அடுத்த மாதம் அவளே வந்து பட்டாசு என்று விளக்கித் திருத்திக் கொடுத்தாள். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அலுவலகத்தில் திருந்திய அந்தச் சொல் எங்கள் வீட்டில்தான் திருந்தாமல் போனது.

ரூத்துக்கு ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரையச் சொன்னார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டு, கையில் ஒரு சிவப்புக் குப்பியோடு என்னை வரைந்திருந்தாள். டீச்சர் அதில் ஒரு தங்க நிறச் சின்னம் ஒட்டிக் கொடுத்திருந்தார். ஜெயசீலி அதைக் குளிர்பெட்டிக் கதவில் மாட்டினாள். இது தப்பும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

இரண்டு முறை ஊருக்குக் கூட்டிப் போனோம். ஊரே சேர்ந்து எனக்குச் சாட்சி சொன்னது. என் அக்கா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "ஒங்கப்பன் மருந்து கலக்குறதுல கெட்டிக்காரன்டி. அம்புட்டுப் பேரும் தராசத் தேடுவாக, இவன் கையில அள்ளும்போதே சொல்லிருவான்" என்றாள். அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. ரூத் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

3

துணி விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

தீபாவளி முடிந்து சில வாரம் கம்பெனி மூடிக் கிடக்கும். கார்த்திகையில் மறுபடி திறந்தால் புது சீசன். டிசம்பர் இருபத்துநாலு எங்களுக்கு வேலை நாள்தான். மறுநாள் மட்டும் லீவு, அதுவும் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு. சாயங்காலம் கம்பெனி வேன் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் நிற்கும். இறங்குகிறவர்களில் மருந்து அறைக்காரர்களை மட்டும் தூரத்திலேயே அடையாளம் தெரியும். பேன்சி ரகப் பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி, நாங்கள் வெள்ளிப் பொடி என்போம், முகம், கழுத்து, காது மடல் என்று பூசி, வெள்ளியில் வார்த்த ஆள் மாதிரி வருவார்கள். என் அப்பா அப்படித்தான் வருவார்.

அம்மா தயாராக அண்டாவில் வெந்நீர் வைத்திருப்பாள். தேங்காய் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, மறுபடி எண்ணெய் தேய்த்து, மறுபடி சீயக்காய். மருந்துச் சட்டை வீட்டுக்குள்ளேயே வராது. அது பின்பக்கம் வேலியில் கிடக்கும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு எல்லாரும் நடுவீட்டில் உட்காருவோம். கூரையில் இருந்து காகித நட்சத்திரம் தொங்கும். அதற்குள் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை அம்மா அடுப்பு தவிர வேறு இடத்தில் நெருப்பை அனுமதிப்பது அப்போதுதான்.

ஏற்றுவதற்கு முன்னால் அம்மா பழைய வேட்டியில் கிழித்த துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்துகொண்டு வருவாள். அப்பாவிடம்தான் முதலில் போவாள்.

"கைய நீட்டுங்க. துணி சொல்லட்டும்."

அப்பா, வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிற பையன் மாதிரி இரண்டு கையையும் நீட்டுவார். அம்மா உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் என்று துடைத்துத் துணியை விரித்துக் காட்டுவாள். சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் இருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இருக்கும்.

"சரி, அடுத்த வருசம்" என்பார் அப்பா. எழுந்து போய் வாசற்படி ஓரமாக, மெழுகுவர்த்திக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொள்வார். வருஷா வருஷம் அதே துணி, அதே பதில். நாங்கள் வருஷா வருஷம் சிரிப்போம்.

துணி வெள்ளையாக வருகிற ஆள்தான் ஏற்ற வேண்டும். பத்து வயதுவரை நான் ஏற்றினேன். பதினோராவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நானும் வேனில் ஏறினேன். அப்போதெல்லாம் அப்படித்தான். அந்த வருஷம் அம்மா என் கையைத் துடைத்தபோது துணியில் தீற்றல் விழுந்தது. அம்மா துணியை மடக்கிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"வாலே, இங்கன உக்காரு" என்று வாசற்படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார் அப்பா.

அன்றைக்கு எனக்கு வருத்தம் இல்லை. பெரிய ஆளாகிவிட்ட பெருமைதான் இருந்தது. வருத்தம் வர நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

4

அக்கா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்த்தாள். டிசம்பர் என்றால் அங்கே மூச்சு விட நேரம் இருக்காது. நிறம் தள்ளிப்போன தாள், இரட்டையாக விழுந்த படம் என்று கழிவுத் தாள் குவியும். கேட்டு வாங்கி அதில் ஒரு கட்டு கொண்டு வருவாள். எங்கள் நட்சத்திரம் அந்தத் தாளில் செய்ததுதான். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். பகலில் பார்த்தால் சுத்த வெள்ளை. உள்ளே வெளிச்சம் வந்தால்தான் விஷயம் தெரியும்.

ஒரு வருஷம் நட்சத்திரம் ஏற்றிய பிறகு சபைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். முன்னால் உபதேசியார். எங்கள் வாசலில் நின்று பாடி முடித்து ஜெபம் பண்ண வாயெடுத்தவர் நட்சத்திரத்தையே பார்த்தார். அதன் ஒரு முனையில் தாமரைப் பூ பிடித்த ஒரு கை, வளையலோடு, தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு முனையில் லட்சுமியின் அரை முகம்.

"அண்ணாச்சி, நட்சத்திரத்துக்குள்ள யாரு இருக்கா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வாசற்படியில் இருந்த அப்பா எழுந்து நின்று, பணிவாகச் சொன்னார்.

"விருந்துக்கு வந்திருக்காக, ஐயா."

உபதேசியார் சிரித்ததில் ஜெபத்தை மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் அதிரசத் தட்டு வாங்கிக்கொள்கிற சாக்கில் வந்து, இந்த வருஷம் யார் விருந்தாளி என்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு வருஷம் மயில். ஒரு வருஷம் ஜவுளிக்கடைப் புடவை கட்டிய ஒரு பெண். அப்பா எல்லாருக்கும் அதே பதிலைச் சொன்னார்.

அவர் இறந்தது வெடி விபத்தில் இல்லை. எங்கள் ஊர்க்காரன் எழுதும்போது இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நெஞ்சுச் சளி முற்றிச் சித்திரையில் வேலையை விட்டார். கார்த்திகையில் போய்விட்டார். அப்போது நான் இங்கே இருந்தேன், என் அடையாள அட்டை புதுப்பிக்கப் போய் அலுவலகத்தில் இருந்தது. அது கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது சிக்கல் என்றார்கள். நான் போகவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன்.

ஏழு மாதம் அவர் மருந்தைத் தொடவில்லை. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் அந்தக் கிறிஸ்துமஸுக்குத் துணி வெள்ளையாக வந்திருக்கும்.

5

இந்த நாட்டுக்கு வந்தும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை. ஜன்னலில் நட்சத்திரம், உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் பல்பு. ரூத்தின் சின்னக் கையைத் துடைத்து, துணியைக் காட்டி, சுவிட்சைப் போட வைப்பேன். அப்பா நீங்க போடுங்க என்று ஒருமுறை சொன்னாள். அப்பா கை மருந்துக் கை, நீ போடு என்றேன். வாய் தானாகச் சொன்னது. அதைத்தான் அவள் இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்து எழுதியிருக்கிறாள்.

சொல்லாவிட்டால் அவள் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, இல்லாத ஒரு அப்பாவைப் பற்றிப் பேசுவாள். சொன்னால், அந்த அப்பாவை நம்பித் தேர்ந்தெடுத்த படிப்பு என்ன ஆகும்? ஏற்கெனவே வாரத்துக்கு ஒரு போன் என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆகியிருந்தது.

ஜெயசீலியிடம் கேட்டேன். அவள் இரவு டூட்டி முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான், அன்னைக்குச் சிரிச்சது என் தப்பு. ஆனா இத நான் சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

எனக்கு எழுதத் தெரிந்த மொழி அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் போனில் குரலைப் பதிந்து அனுப்பினேன். சலவை அறையில், மெஷின்கள் நின்ற நேரம் பார்த்து. நான் ஆஸ்பத்திரிச் சலவை அறையில்தான் வேலை பார்க்கிறேன். மூன்று முறை பேசி அழித்தேன். நாலாவது இது.

"ரூத்தும்மா, அப்பா பேசுறேன். நீ எழுதுன மருந்து திங்கிற மருந்து இல்லம்மா. வெடிமருந்து. நானும் தாத்தாவும் பட்டாசுக் கம்பெனியில வேல பாத்தோம். தாத்தா கையில இருந்தது பட்டாசுக்குப் போடுற வெள்ளிப் பொடி. அதோட நெருப்புப் பக்கம் போயிரக்கூடாதுன்னுதான் ஆச்சி தொடச்சாக. நீ எழுதுனது தப்பில்ல. நான் சொல்லாதது தப்பு."

அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளும் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தேன். கொதிநீரில் வெந்து வருகிற வெள்ளை விரிப்பு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். என்னோடு வேலை பார்க்கிற போலந்துக்காரர் நாள் முழுக்கப் பேச மாட்டார். அதனால் எங்களுக்குள் நல்ல பழக்கம். ஒருநாள் அவர் என் தோளைத் தொட்டு, மடித்ததையே பிரித்து மடிக்கிறாய் என்று கையால் காட்டினார்.

6

இருபத்துநாலாம் தேதி எனக்கு அரை நாள். ஜெயசீலிக்கு ராத்திரி எட்டு மணிவரை டூட்டி. வீட்டுக்கு வந்து நட்சத்திரத்தை ஜன்னலில் மாட்டினேன். அக்கா ஊரில் இருந்து அனுப்புகிற பார்சலில் முறுக்கு உடையாமல் இருக்க அச்சகக் கழிவுத் தாளைச் சுருட்டி வைப்பாள். முறுக்கு உடைந்துதான் வரும். தாள் நன்றாக வரும். அந்தத் தாளில் ஒட்டியதுதான்.

மாட்டினேனே தவிர சுவிட்சைப் போடவில்லை. போட ஆள் இல்லை. பதினாறு வருஷத்தில் ரூத் இல்லாத முதல் கிறிஸ்துமஸ் அது. எதிர்வீட்டு ஜன்னலில் விளக்குகள் மின்னின. அவர்கள் வீட்டுக் கார் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். நான் வாசல் கதவுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

அப்போது போன் அடித்தது. முகம் தெரிகிற போன். ரூத் ஏதோ ஒரு சமையலறையில் நின்றிருந்தாள், பின்னால் ஆட்கள் சத்தம்.

"பேசிட்டேன்பா" என்றாள்.

"எதப் பேசுனம்மா?"

"பழசக் கிழிச்சுட்டேன். பட்டாசுன்னே சொன்னேன். புதுசா எழுத அஞ்சு நாள் ஆயிருச்சு."

"கோவமா?"

"ஆமா. காலேஜ் இன்டர்வியூல உங்களப் பத்திதான் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். ஏம்பா சொல்லல?"

உண்மையைச் சொன்னேன்.

"மரியாதையாப் பாத்தியேம்மா. அத விட மனசு வரல."

அவள் முகத்தைத் திருப்பி எங்கேயோ பார்த்தாள். படிப்பு என்று மெதுவாகக் கேட்டேன். படிப்பு பிடித்திருக்கிறது, அதைப் பற்றி இப்போது கேட்க வேண்டாம் என்றாள். பிறகு, "அங்க ஒரு அம்மா கேட்டாங்க. உங்க தாத்தா எப்பவாவது ஏத்துனாங்களான்னு. எனக்குத் தெரியல" என்றாள்.

"இல்லம்மா. ஒரு தடவ கூட இல்ல."

"நீங்க?"

"பத்து வயசோட சரி."

"துணி எடுங்க."

பழைய தலையணை உறை ஒன்றை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தேன். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண். என் கையை நானே துடைப்பது எப்படியோ இருந்தது. விரித்துப் பார்த்தேன். வெள்ளை. பதினாறு வருஷம் கொதிநீரிலும் சோப்பிலும் வெந்த கை. என்றைக்கோ வெள்ளையாகியிருக்க வேண்டும். நான்தான் துடைத்துப் பார்க்கவில்லை.

"துணி என்ன சொல்லுது?" என்றாள் ரூத்.

"அடுத்த வருசம்." என் வாயில் அப்பா சொல்தான் வந்தது.

"இல்லப்பா. காட்டுங்க."

துணியைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாளா, முடியை ஒதுக்கினாளா என்று தெரியவில்லை. பிறகு தலையாட்டினாள். போனை நட்சத்திரத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டேன்.

வெள்ளைத் தாள் மெல்ல மஞ்சளாகி, வலது பக்க முனையில் ஒரு யானையின் தும்பிக்கையும், அதற்குக் கீழே கொழுக்கட்டை பிடித்த கையும் தெரிந்தன.

"அப்பா, உள்ள யாரு?"

"விருந்துக்கு வந்திருக்காக."

அவள் சிரித்தாள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நாளை மறுநாள் வந்ததும் அதையும் சொல்ல வேண்டும். அவளை யாரோ கூப்பிட்டார்கள், வைக்கிறேன்பா என்றாள். போன் இருண்டது.

ஜெயசீலி வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. பழக்கத்தில் மறுபடி வாசல் பக்கத்து நாற்காலிக்குத்தான் போனேன். உட்காரவில்லை. அதை இழுத்துக்கொண்டு வந்து நட்சத்திரத்துக்கு அடியில் போட்டேன். பக்கத்தில் இன்னொருவர் உட்காரும் அளவுக்குக் கொஞ்சம் நகர்த்தி, இடம் விட்டு உட்கார்ந்தேன்.